பத்து மாதக் குழந்தையின் சந்ததி

சென்ற மாதம் இல்ஃபோர்டில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். தன் குடும்பத்து வம்சாவளியைக் கணினியில் தயாரித்து, பளபளக்கும் தாளில் அச்சடித்து, சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். மேசையில் கிடந்த வாழைப்பழத் தோல்களைத் தள்ளிவிட்டு அதை விரித்தார். உச்சியில் யாழ்ப்பாண இராச்சியத்து மந்திரி ஒருவர் இருந்தார். அவருக்குக் கீழே முதலியார், உடையார், விதானையார் என்று ஊர்ப் பதவிகள் வரிசையாக இறங்கி, கடைசியில் வீட்டுக்கடன் ஆலோசகராக இருக்கும் மாப்பிள்ளையில் வந்து நின்றது.

"நீங்கள் உந்தத் துறையில இருந்தனீங்கள்தானே அண்ணை. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

மந்திரிக்கும் பெரியப்பாவின் பூட்டனுக்கும் இடையில் நூறு இருநூறு வருடத்துக்கு ஒருவரையும் காணோமே என்று கேட்டேன். அது பரம்பரையாகச் சொல்லி வருவதுதான் என்றார். நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பாயசம் இருந்த பக்கம் நகர்ந்தேன். எங்கள் ஊரில் எவருடைய பூட்டனும் தோட்டம் கொத்தியதில்லை, கள்ளுக் குடித்ததில்லை, வழக்கில் தோற்றதில்லை. அப்படியானால் அந்தத் தோட்டங்களை யார் கொத்தினார்கள், கள்ளுத் தவறணைகள் யாரை நம்பி நடந்தன என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்த நோய் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இருபது வருடத்துக்கு மேல் இதை வைத்துத்தான் சோறு தின்றேன். என் நோயாளிகள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். லண்டனில் பழைய ஆவணங்களைத் தேடிக் கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் தேடுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊரில் வரலாறு படித்தேன். மிஷன் கல்லூரியில் ஒரு பாதிரியார் வலுக்கட்டாயமாக லத்தீன் ஊட்டியிருந்தார். எண்பதுகளில் அகதியாக இங்கே வந்து, பெற்றோல் நிலையத்தில் நின்று, பிறகு பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்துச் சான்சரி லேன் பக்கம் ஒரு சாண்ட்விச் கடைக்கு மேலே இருந்த அலுவலகத்தின் படியேறினேன். பழைய கையெழுத்தில் ஒரு தாளைத் தந்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். மறுநாள் வரச் சொன்னார்கள்.

சொன்னவர் மிஸ்டர் கார்ஸ்வெல். நிறுவனத்தின் முதலாளியும் தலைமைத் தேடுநரும் அவர்தான். மெலிந்த, உயர்ந்த மனிதர். கோடையிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். பென்சிலைக் கத்தியால்தான் சீவுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. யாராவது "கண்டுபிடித்துவிட்டேன்" என்று சொன்னால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். துடைப்பதற்கு வெகுநேரம் எடுப்பார். அதற்குள் சொன்னவருக்கே தன் மீது சந்தேகம் வந்துவிடும். எங்கள் அறிக்கைகளில் "நிச்சயமாக" என்ற சொல்லைக் கண்டால் பச்சை மையால் வெட்டுவார். வாடிக்கையாளர் தன் முன்னோர் பிரபு என்று சொன்னால் தலையாட்டுவார். ஆட்கள் போனபின், "இந்தப் பிரபுக்களுக்கெல்லாம் குதிரைக்குப் புல்லுப் போட்டவர்கள் பிள்ளை குட்டி இல்லாமலே செத்திருக்க வேண்டும்" என்பார். அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் கற்பித்த முறை ஒன்று உண்டு. ஆவண அறையில் பேனா கூடாது, பென்சில் மட்டும். பதிவேடு வந்தால் அதைச் சாய்வான பஞ்சுத் தாங்கியில் வைத்து, துணியில் தைத்த ஈயக் குண்டுச் சரத்தால் பக்கத்தை அழுத்தி, விரல் படாமல் வாசிக்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடிய பெயர் கிடைத்ததும் எல்லாரும் மூடி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். கார்ஸ்வெல் போக விடமாட்டார். "இனி அந்தப் பிள்ளையைக் கொல்லப் பார்" என்பார். அதாவது, அடக்கப் பதிவேட்டை எடுத்து, அந்தப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து வளர்ந்து ஆளாகும் வயது வரை ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் பிள்ளைகள் இலகுவில் செத்தன. செத்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கும் வைத்தார்கள். எவ்வளவு முயன்றும் கொல்ல முடியாத பிள்ளையைத்தான் உயிரோடு இருக்க விடலாம் என்பது அவர் சட்டம்.

இரண்டாயிரத்தின் ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் லொரெட்டா கிரீன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண். தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நியூ இங்கிலாந்துப் பக்கத்தில் வெக்ஸ்கம் என்று ஒரு பழைய குடும்பம். அமெரிக்காவில் முதன்முதல் குடியேறிய கூட்டத்தோடு வந்தவர்கள் என்று பெருமை. அந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த ஒரு கப்பல் வியாபாரி தன் வீட்டு அடிமைப் பெண்ணிடம் ஹன்னா என்றொரு மகளைப் பெற்றான். அந்த ஹன்னாவின் வழியில் வந்தவர் லொரெட்டா. வெக்ஸ்கம் குடும்பத்துக்கு ஒரு சங்கம் உண்டு. சந்ததியார் எல்லாருடைய பெயரையும் போட்டு ஒரு புத்தகம் அச்சிடப் போகிறார்கள். லொரெட்டாவின் தாய்க்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. தாய் கண்ணை மூடுவதற்கு முன் அவள் பெயர் புத்தகத்தில் ஏற வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சங்கத் தலைவர் அவருக்கு எழுதிய பதிலையும் உள்ளே வைத்திருந்தார். ட்ரூமன் வெக்ஸ்கம் என்ற ஓய்வு பெற்ற பல் வைத்தியர் எழுதியது. மிக மரியாதையான கடிதம். ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, மணம், இறப்பு மூன்றுக்கும் மூல ஆவணம் வேண்டும், குடும்பத்தில் சொல்லி வருவது ஆதாரமாகாது, ஒரே பெயர் இருப்பது ஆதாரமாகாது, "இருக்கக்கூடும்" என்பது ஆதாரமாகாது என்று எழுதியிருந்தார். அடிமையாக இருந்தவளின் மணத்தை எவன் பதிந்தான், பிறப்பை எவன் பதிந்தான்? எனக்கு நெஞ்சு எரிந்தது. அகதி விண்ணப்பத்தின்போது, என் தகப்பன் என் தகப்பன்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று குடிவரவு அதிகாரி ஒருவர் இதே மரியாதையோடுதான் கேட்டார். அத்தாட்சி இருந்த அரசாங்கக் கச்சேரியும் எரிந்து போயிருந்தது, தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மரியாதையை எங்கே கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

சிறிய வேலை என்பதால் கார்ஸ்வெல் அதை என்னிடம் தள்ளினார். அமெரிக்கப் பக்கத்து ஆவணங்களை லொரெட்டா பல வருடமாக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கித் தானே சேர்த்து வைத்திருந்தார். குறையாக இருந்தது ஒரே ஒரு கண்ணி: ஹன்னா அந்த வியாபாரியின் மகள் என்பதற்கு எழுத்தில் ஒரு வார்த்தை. அவன் வியாபார விஷயமாக லண்டன் வந்த இடத்தில் காய்ச்சலில் செத்தவன். லண்டனில் செத்து இங்கே சொத்தும் இருந்தால் மரணசாசனம், அதாவது உயில், இங்கத்தைய நீதிமன்றத்தில்தான் பதிவாகியிருக்கும். தேடினேன், இருந்தது. "என் மகள் ஹன்னா" என்று தாயின் பெயரோடு எழுதி, இருவரையும் விடுதலை செய்திருந்தான். சாகும்போதாவது அவனுக்கு வாய் திறந்தது. மரணசாசனத்தின் பிரதியோடு, சங்கம் கேட்டது ஒவ்வொன்றுக்கும் விடை வைத்து நான் எழுதிய அறிக்கையில் கார்ஸ்வெல்லின் பச்சை மை படவே இல்லை.

சங்கத்தால் மறுக்க முடியவில்லை. லொரெட்டாவை உறுப்பினராக்கினார்கள். தாயின் பெயரும் புத்தகத்துக்குப் போயிற்று. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த அறிக்கையின் இறுக்கத்தைப் பார்த்த பல் வைத்தியருக்கு ஓர் ஆசை பிறந்தது. இவ்வளவு கண்டிப்பான நிறுவனம் எங்கள் குடும்பத் தலைவரையும் உறுதிப்படுத்தி ஒரு சான்று தந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எங்களுக்கு எழுதினார்.

குடும்பத் தலைவர் என்பது முதன்முதல் அமெரிக்கா போன ஜோசையா வெக்ஸ்கம். கிழக்கு லண்டனில் தேம்ஸ் கரையோரம் ஒரு பங்குக் கோயிலில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்ததைச் சங்கத்து ஆர்வலர் ஒருவர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார். அதை நம்பித்தான் முழு மரமும் நின்றது. அந்தக் கோயிலில் ஒரு நினைவுக்கல் பதிக்க அனுமதி வாங்கி, கல்லையும் வெட்டக் கொடுத்துவிட்டார்கள். குடும்பத்தார் ஒரு பெரிய கூட்டமாகக் கோடையில் விமானம் ஏறி வரப்போகிறார்கள். சான்று ஒன்றுதான் பாக்கி.

நான் வழக்கம்போல ஞானஸ்நானத்தை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் மாதம். ஜோசையா, தகப்பன் ஜோசையா, தாய் ஆக்னஸ். சரி. பிறகு வழக்கம்போலப் பிள்ளையைக் கொல்லப் போனேன். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு பெப்ரவரியில் ஜோசையா, ஜோசையா ஆக்னஸின் மகன், அடக்கம்.

சங்கத்து ஆர்வலரும் இதைக் கண்டிருந்தார். ஒளித்து வைக்கவில்லை. அவர் குறிப்பில் இப்படி இருந்தது: பெப்ரவரியில் ஒரு ஜோசையா இறந்தான், ஏப்ரலில் இன்னொரு ஜோசையா பிறந்தான், செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்தார்கள், ஆகவே நம்முடையவர் இரண்டாமவர். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்டு ஜனவரியில் பிறக்கவில்லை. மார்ச் கடைசியில்தான் பிறந்தது. எங்களுக்குச் சித்திரையில் பிறப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் சித்திரை முன்னால் வரும், மாசி பின்னால் வரும். ஏப்ரலில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைதான் அடுத்து வந்த பெப்ரவரியில் அடக்கமானது. நம்முடைய பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற எவருக்கும் இது ஒரு நிமிடத்தில் விளங்கும். கார்ஸ்வெல்லுக்கோ தன் உள்ளங்கை போலத் தெரியும். எனக்குக் கற்பித்த முதல் பாடமே அதுதான்.

இன்னும் பின்னால் போய்ப் பார்த்தேன். ஜோசையாவும் ஆக்னஸும் மணம் முடித்தது அந்த ஏப்ரலுக்கு முந்திய கோடையில். ஆர்வலர் சொன்னபடி என்றால், கோடையில் மணமுடித்தவள் பெப்ரவரிக்குள் ஒரு பிள்ளையைப் பெற்றுப் புதைத்துவிட்டு, ஏப்ரலில் இன்னொன்றைப் பெற்றிருக்க வேண்டும். என் மனைவி பத்மா டூட்டிங் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் தாதியாக இருந்தவள். அன்றிரவு சாப்பிடும்போது இதைச் சொன்னேன். கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ரெண்டு மாசத்துக்குள்ள ரெண்டு பிள்ளையோ? ஆட்டுக்கே ஏலாதப்பா. அந்த மனுசி என்ன பாடுபட்டிருக்கும். உங்கட வெள்ளைக்காரர் ஒருத்தருக்கும் வீட்டில பொம்பிளையள் இல்லையோ?"

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பதிவேடுகளில் வேறு ஜோசையா இல்லை. வேறு பிள்ளையே இல்லை. அமெரிக்கா போன ஜோசையா எங்கே பிறந்தவர், யார் பெற்றவர் என்பது ஒருவருக்கும் தெரியாது. கப்பலில் இருந்து இறங்கிய இடத்திலிருந்துதான் அவருக்கு வரலாறு தொடங்குகிறது.

அறிக்கையை எழுதி, இதை முதல் பக்கத்திலேயே போட்டேன். கார்ஸ்வெல் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்குத் துடைத்தது வழக்கத்தைவிட நீண்டது. பிறகு பச்சை மையை எடுத்து, முதல் பக்கத்தில் இருந்ததைக் கடைசிப் பின்னிணைப்புக்கு மாற்றினார். "அதே பெயரில் ஓர் அடக்கப் பதிவும் காணப்படுகிறது" என்று ஒரு வசனமாக அதைச் சுருக்கினார். இது அவருடைய சட்டத்துக்கே முரண் அல்லவா என்று கேட்டேன். தேடுவதற்குத்தான் நமக்குக் கூலி, எதை நம்புவது என்பது அவர்கள் விருப்பம் என்றார். கல் வெட்டியாகிவிட்டது, டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றும் சொன்னார். லொரெட்டாவிடம் கேட்டது போல இவர்களிடமும் கேட்கலாமே என்றேன். அவர் கத்தியை எடுத்துப் பென்சில் சீவத் தொடங்கினார். அன்றைக்கு அந்த மனிதர் என் கண்ணில் சுருங்கிப் போனார். பிறகு அவரோடு பல வருடம் வேலை செய்தேன், ஆனால் பழைய உயரத்துக்கு அவர் திரும்ப வரவே இல்லை. பின்னிணைப்பில் எழுதியதை நேரில் விளக்குவேன், அல்லது என் பெயரை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். நேரில் விளக்கும்படி சொன்னார். தான் வரவில்லை.

கோடையில் குடும்பத்தார் வந்திறங்கியதும், பல் வைத்தியரை அவர் தங்கிய ஹோட்டலின் வரவேற்பறையில் சந்தித்தேன். வாய் நிறைய வெள்ளைப் பற்கள். ஆண்டு எப்போது பிறந்தது, ஆக்னஸ் எப்போது மணமுடித்தாள் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். அவர் முட்டாள் இல்லை. நன்றாக விளங்கிக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு என் முழங்கையைத் தட்டிச் சொன்னார்:

"இரண்டு ஜோசையா இருந்திருக்கக்கூடும். பதிவு செய்தவர் பிழை விட்டிருக்கக்கூடும். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் சொல்லி வருகிறார்கள், மிஸ்டர் நாதன்."

"இருக்கக்கூடும் என்பது ஆதாரமாகாது என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்" என்றேன்.

அது வேறு விஷயம் என்றார். எப்படி வேறு என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள், விழாவுக்கென்று லண்டன் வந்திருந்த லொரெட்டா அலுவலகத்துக்கு வந்தார். கட்டையான, உறுதியான பெண்மணி, தொப்பி போட்டிருந்தார். தாய்க்குப் புத்தகத்தின் அச்சுப் பக்கத்தைக் காட்டியதாகவும், தாய் தன் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டே தூங்கிப் போனதாகவும் சொன்னார். பிறகு, அவர்களுடைய ஜோசையாவுக்கும் என் ஹன்னாவுக்குத் தேடியது போலவே தேடினீர்களா என்று கேட்டார். அறிக்கை சங்கத்துக்கு உரியது, வெளியாருக்குக் காட்டக் கூடாது. ஆனால் லொரெட்டா இப்போது வெளியார் இல்லை, சங்கத்து உறுப்பினர். அப்படி ஆக்கியவர்கள் அவர்களேதான். முழுவதையும் எடுத்து முன்னால் வைத்தேன். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு விதியைப் பின்பற்றியதில்லை.

பின்னிணைப்பை இரண்டு முறை வாசித்தார். நான் விளக்கினேன். கோபப்படுவார், கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாரையும் நாறடிப்பார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், ஆசைப்பட்டேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"பிள்ளைக்கு எத்தனை மாதம்?"

"பத்து."

நடக்கத் தொடங்குகிற வயது என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து வைத்தார்.

கல் திறப்பு விழாவுக்கு நானும் போனேன். கோயில் போரில் குண்டு விழுந்து திருப்பிக் கட்டியது. வந்தவர்கள் எல்லாருக்கும் குடும்பச் சின்னம் பொறித்த நீலக் கழுத்துப்பட்டி. அந்தச் சின்னமும் எங்கிருந்து வந்ததோ, நான் கேட்கப் போகவில்லை. பல் வைத்தியர் திரையை இழுத்தார். இங்கே ஞானஸ்நானம் பெற்ற ஜோசையா வெக்ஸ்கம் கடல் கடந்து சென்று ஒரு பெருங்குடும்பத்தை நிறுவினார் என்று கல்லில் ஆழமாக வெட்டியிருந்தது. கைதட்டினார்கள். ஒரு மூதாட்டி அழுதார். பத்து மாதத்தில் செத்த பிள்ளை ஒன்று தன் சொந்தக் கோயிலில் தன் பேரப்பிள்ளைகளைச் சந்தித்த ஒரே நிகழ்ச்சி உலகத்தில் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

படம் எடுக்கும்போது லொரெட்டாவைத் தேடினார்கள். ஒரு கறுப்பு முகம் நடுவில் நின்றால் படம் நன்றாக வரும் என்று பல் வைத்தியருக்கு இப்போது தோன்றியிருந்தது. லொரெட்டா அங்கே இல்லை. அந்தக் காலத்தில் சிறு பிள்ளைகளை எங்கே புதைத்தார்கள் என்று பாதிரியாரிடம் விசாரித்துக்கொண்டு, கோயிலின் வடக்குப் பக்கத்துக்குப் போயிருந்தார். அங்கே சைக்கிள்கள் பூட்டியிருந்தன. குப்பைத் தொட்டிகள் நின்றன. ஒரு சிறு பூச்செண்டைச் சுவரோரம் வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார். அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த கூட்டத்தில் அந்தப் பிள்ளைக்கென்று வந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் கல் இன்றும் அங்கே இருக்கிறது. இணையத்தில் போய்ப் பார்த்தால் அந்தக் குழந்தைக்கு மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், பக்கம் பக்கமாகச் சந்ததி இறங்குகிறது. ஒருவர் போட்டதை மற்றவர் பிரதி எடுத்து, அதை இன்னொருவர் பிரதி எடுத்து, இன்று அது அசைக்க முடியாத உண்மையாகிவிட்டது. இல்ஃபோர்டு மந்திரியும் கொஞ்ச நாளில் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார். யாரும் தடுக்கப் போவதில்லை. இப்போதெல்லாம் பிள்ளையைக் கொல்ல எவருக்கும் நேரமில்லை.

அன்று விழா முடிந்து, லொரெட்டாவும் நானும் ரயில் நிலையம் வரை சேர்ந்து நடந்தோம். ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். முந்தின நாளே தாயிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னதாகச் சொன்னார். புத்தகத்தில் பெயர் ஏறியது வீணாகிவிட்டதே என்று தாய் வருந்துவாள் என்று பயந்தாராம். தாய் வெகுநேரம் சிரித்தாளாம். பிறகு சொன்னாளாம்:

"கப்பலுக்கு அந்தப் பக்கம், நம்மைப் போலவே, அவர்களுக்கும் ஒன்றும் தெரியாதா? அப்படியானால் சொந்தக்காரர்கள்தான். பெயர் அங்கேயே இருக்கட்டும்."